லண்டனை எரித்த ராணி

லண்டன் மாநகரம் ஒரு காலத்தில் அடியோடு எரிந்து சாம்பலானது. எரித்தது எந்தச் சக்கரவர்த்தியும் அல்ல. கணவனை இழந்த ஒரு பெண்!

அவள் பெயர் பூடிக்கா. இங்கிலாந்தின் கிழக்கே, ஒரு சிறு நாட்டின் ராணி. உலகத்தை நடுங்க வைத்த ரோமாபுரிப் பட்டாளத்தையே ஓட வைத்தவள்.

அவள் ஏன் வாள் எடுத்தாள்? அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை என்ன? அவள் கும்பிட்ட தெய்வம் எது? அதைச் சொல்வதுதான் இந்த வரலாறு.

ஆங்கிலேயர் இல்லாத இங்கிலாந்து

ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஆங்கிலேயர்கள் இல்லை. ஆங்கில மொழியும் இல்லை. அவர்கள் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்து குடியேறியவர்கள்.

அப்போது அங்கே வாழ்ந்தவர்கள் பிரித்தானியர்கள். அவர்கள் பேசியது செல்ட் மொழி. அயர்லாந்து முதல் துருக்கி வரை பல நாடுகளில் அந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மக்கள் அக்காலத்தில் பரவி இருந்தார்கள்.

பிரித்தானியர்கள் ஒரே அரசனின் கீழ் வாழவில்லை. பல குலங்களாகப் பிரிந்து இருந்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் அரசன் அல்லது அரசி உண்டு.

அவர்கள் வானளாவக் கோவில் கட்டவில்லை. மரத்தோப்புதான் அவர்களுடைய கோவில். ஆறு, ஏரி, ஊற்று எல்லாம் தெய்வம் குடியிருக்கும் இடங்கள். வாளையும் ஈட்டியையும் ஏரியில் போட்டுக் காணிக்கை செலுத்துவார்கள்.

இந்தத் தெய்வக் காரியங்களை நடத்தியவர்கள் "ட்ரூயிடுகள்" எனப்பட்ட குருமார்கள். அவர்கள் பூசாரிகள் மட்டும் அல்ல. ஆசிரியர்களும் அவர்களே, நீதிபதிகளும் அவர்களே.

ட்ரூயிடு ஆவது எளிது அல்ல. சிலர் 20 ஆண்டுகள் வரை பாடம் படித்தார்கள். பாடம் எல்லாம் வாய்மொழிதான். தெய்வ விஷயங்களை ஏட்டில் எழுதக்கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு.

உடல் அழிந்தாலும் உயிர் அழியாது, இறந்தவன் உயிர் வேறு உடலுக்குப் போகும் என்று அவர்கள் போதித்தார்கள். அதனால் அந்த மக்கள் போர்க்களத்தில் சாவுக்கு அஞ்சவில்லை என்று ரோமாபுரித் தளபதி ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார்.

அவர்கள் நரபலி கொடுத்தார்கள் என்றும் ரோமானியர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் எதிரிகள் என்பதை மறந்துவிடக்கூடாது.

வந்தது ரோமாபுரிப் படை

கி.மு. 55-ம் ஆண்டிலும், அடுத்த ஆண்டிலும் சீசர் கடல் தாண்டி வந்தார். சண்டை போட்டார், திரும்பிவிட்டார்.

கி.பி. 43-ம் ஆண்டில் வந்த படை திரும்பவில்லை. அனுப்பியவர், சக்கரவர்த்தி கிளாடியஸ். சுமார் 40 ஆயிரம் வீரர்கள் வந்து இறங்கினார்கள். தென்கிழக்கு இங்கிலாந்து ரோமாபுரியின் கைக்குப் போயிற்று.

கிழக்கே, இன்று நார்போக் என்று அழைக்கப்படும் பகுதியில் "ஐசீனி" என்ற குலத்தார் வாழ்ந்தார்கள். குதிரை வளர்ப்பவர்கள். அவர்களுடைய காசிலும் குதிரை உருவம் இருக்கும்.

அந்தக் குலத்தின் அரசர் பிரசூட்டகஸ். அவருடைய மனைவிதான் பூடிக்கா. அந்தப் பெயருக்கு "வெற்றி" என்று பொருள். அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

பிரசூட்டகஸ் ரோமாபுரியோடு மோதவில்லை. நட்பு அரசராக இருந்தார். அதனால் அவருடைய நாடு தப்பிப் பிழைத்திருந்தது.

உயில்

தாம் இறந்தபின் மக்களுக்கும் நாட்டுக்கும் கேடு வரக்கூடாதே என்று பிரசூட்டகஸ் கவலைப்பட்டார். அதனால் ஓர் உயில் எழுதினார். தம் இரு மகள்களோடு, ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோவையும் வாரிசாக நியமித்தார். ஒரு பங்கு கொடுத்துவிட்டால், மீதியை விட்டுவிடுவார்கள் என்று நம்பினார்.

கி.பி. 60-ம் ஆண்டு அளவில் அவர் இறந்தார். உயிலை ரோமானியர்கள் மதிக்கவில்லை!

ரோமாபுரி அதிகாரிகளும் சிப்பாய்களும் அரண்மனைக்குள் புகுந்தார்கள். போரில் பிடித்த நாட்டைப்போல எல்லாவற்றையும் சூறையாடினார்கள். குலத் தலைவர்களின் பரம்பரை நிலங்களைப் பிடுங்கினார்கள். அரசரின் உறவினர்களை அடிமைகள்போல் நடத்தினார்கள்.

தட்டிக் கேட்ட ராணியைச் சாட்டையால் அடித்தார்கள். அவளுடைய இரு மகள்களையும் மானபங்கப்படுத்தினார்கள்.

கடன் கொடுத்தவர்களும் கழுத்தை நெரித்தார்கள். நீரோவின் ஆசிரியரும் பெரிய தத்துவ ஞானியுமான செனக்கா, பிரித்தானியர்களுக்கு 4 கோடி ரோமாபுரி நாணயம் கடன் கொடுத்திருந்தாராம். அதை ஒரே தடவையில் திருப்பிக் கேட்டார் என்று டயோ என்ற சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

முயல் காட்டிய சகுனம்

பூடிக்கா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. தன் குலத்தாரைத் திரட்டினாள்.

தெற்கே இருந்த திரினோவாந்து குலத்தாரும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கும் பெரிய குறை இருந்தது.

அவர்களுடைய தலைநகரின் பெயர் காமுலோடூனம். இன்று அது கோல்செஸ்டர். காமுலஸ் என்ற செல்ட் தெய்வத்தின் கோட்டை என்பது அந்தப் பெயரின் பொருள். அந்த ஊரில் ரோமானியர்கள், ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் குடியேற்றினார்கள். அவர்கள் உழவர்களின் வீட்டையும் வயலையும் பறித்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. கி.பி. 54-ம் ஆண்டில் கிளாடியஸ் இறந்ததும், அவரைத் தெய்வம் ஆக்கினார்கள். காமுலோடூனத்தில் அவருக்குப் பெரிய கற்கோவில் எழும்பியது. நாட்டைப் பறித்தவருக்கே பூசை! அந்தப் பூசைக்கு ஆன செலவு, பூசாரிகளாக நியமிக்கப்பட்ட உள்ளூர் மக்களின் தலையில் விழுந்தது. அந்தக் கோவிலைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் வயிறு எரிந்தது.

பூடிக்காவின் தோற்றத்தை டயோ வர்ணித்திருக்கிறார். நல்ல உயரம். கூர்மையான பார்வை. கரகரத்த குரல். இடுப்பு வரை தொங்கும் செம்பட்டை முடி. கழுத்தில் முறுக்கிய தங்க வளையம். பல வண்ணச் சட்டை. அதன்மேல் தடித்த போர்வை.

படையின் முன் நின்ற அவள், தன் மடியில் மறைத்து வைத்திருந்த ஒரு முயலை அவிழ்த்து விட்டாள். பிரித்தானியர்கள் முயலின் இறைச்சியைத் தின்பது இல்லை. அது ஓடும் திசையைப் பார்த்துச் சகுனம் அறிவார்கள். முயல், நல்ல திசையில் ஓடியது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

பூடிக்கா வானத்தை நோக்கிக் கை உயர்த்தினாள். அந்திராஸ்தே என்ற தெய்வத்தை வேண்டினாள். அந்திராஸ்தே வெற்றி தரும் பெண் தெய்வம். அன்று திரண்டிருந்தவர்கள் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர் என்பது டயோவின் கணக்கு.

மோனா தீவு

அந்த நேரத்தில் ரோமாபுரி கவர்னர் பாலினஸ் எங்கே இருந்தார்? நாட்டின் மறுகோடியில், மோனா தீவில் இருந்தார். இன்று அதற்கு ஆங்கிள்சி என்று பெயர்.

அந்தத் தீவு ட்ரூயிடுகளின் புண்ணிய பூமி. ரோமாபுரிக்குப் பயந்து ஓடியவர்களுக்கும் அது புகலிடம். குருமார்களை ஒழித்தால் எதிர்ப்பு ஒழியும் என்று பாலினஸ் எண்ணினார்.

படகில் போய் இறங்கிய சிப்பாய்கள் திகைத்துப் போனார்கள். கரையில் பிரித்தானிய வீரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு இடையே, கறுப்பு உடை அணிந்த பெண்கள் தலைவிரி கோலமாகத் தீப்பந்தம் ஏந்தி ஓடினார்கள். சுற்றிலும் ட்ரூயிடுகள் கைகளை வானத்துக்கு உயர்த்திச் சாபம் கொடுத்தார்கள். சிப்பாய்கள் சிறிது நேரம் மரம்போல் நின்றுவிட்டார்கள்.

பிறகு பாய்ந்தார்கள். எதிர்ப்பட்டவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். புனிதத் தோப்புகளையும் அழித்தார்கள்.

வெட்டிய கத்தியின் ரத்தம் காய்வதற்குள் பாலினசுக்குச் சேதி வந்தது. கிழக்கே நாடே பற்றி எரிகிறது!

மூன்று பட்டணங்கள்

பூடிக்காவின் படை முதலில் காமுலோடூனத்தில் புகுந்தது. அந்த ஊருக்கு மதில்கூட இல்லை. உதவிக்கு வந்த சிப்பாய்கள் 200 பேர்தான். ரோமானியர்கள் கிளாடியசின் கோவிலுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு நாள் தாங்கியது. பிறகு அதுவும் விழுந்தது.

உதவிக்கு விரைந்த 9-வது படைப்பிரிவை வழியிலேயே மடக்கினார்கள். காலாட்படை அழிந்தது. தளபதி, குதிரைப் படையுடன் தப்பி ஓடினார். கொடுமைக்குக் காரணமான வரி அதிகாரி டெசியானஸ் கப்பல் ஏறிக் கடல் கடந்து ஓடிவிட்டார்.

அடுத்து லண்டன். அப்போது அது புதிய வியாபாரப் பட்டணம். அங்கே விரைந்து வந்த பாலினஸ், தம்மிடம் உள்ள படை போதாது என்று கண்டார். ஊரைக் கைவிட்டுப் புறப்பட்டார். மக்கள் கண்ணீர்விட்டுக் கெஞ்சியும் அவர் மனம் மாறவில்லை. நடக்க முடியாத முதியவர்களும், ஊரை விட்டுப் போக மனம் இல்லாதவர்களும் தங்கினார்கள். அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

மூன்றாவதாக, இன்று செயின்ட் ஆல்பன்ஸ் என்று அழைக்கப்படும் ஊரும் எரிந்தது. மூன்று பட்டணங்களிலும் மாண்டவர்கள் 70 ஆயிரம் பேர் என்று சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. மாண்டவர்கள் எல்லோரும் சிப்பாய்கள் அல்ல. வியாபாரிகள், பெண்கள், ரோமாபுரியோடு சேர்ந்து வாழ்ந்த பிரித்தானியர்கள் எல்லோரும் பலியானார்கள். பிடிபட்ட பெண்களைச் சித்திரவதை செய்து, அந்திராஸ்தேயின் தோப்பில் விருந்து கொண்டாடினார்கள் என்று டயோ எழுதியிருக்கிறார். தனக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு நியாயம் கேட்டு எழுந்த ராணியின் படை, குற்றம் செய்யாதவர்களையும் கொன்றது.

கடைசிப் போர்

பாலினஸ் சுமார் 10 ஆயிரம் வீரர்களைத் திரட்டினார். பின்னால் காடும், முன்னால் குறுகலான வழியும் உள்ள இடத்தைப் பார்த்து அணிவகுத்தார். பூடிக்காவின் படை பல மடங்கு பெரியது. ஆனால், அந்த இடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பாய முடியாது.

வெற்றி நிச்சயம் என்று நம்பிய பிரித்தானியர்கள், வேடிக்கை பார்க்க மனைவி மக்களையும் வண்டிகளில் அழைத்து வந்தார்கள். வண்டிகளைப் படைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார்கள்.

மகள்களைத் தேரில் ஏற்றிக்கொண்டு பூடிக்கா ஒவ்வொரு குலத்தாரிடமும் போனாள். தான் ராணியாக அல்ல, அடிபட்ட ஒரு பெண்ணாக நியாயம் கேட்க வந்திருப்பதை எடுத்துச் சொன்னாள். போர் மூண்டது.

ரோமானியர்கள் முதலில் ஈட்டி மழை பொழிந்தார்கள். பிறகு ஆப்புப்போலக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நுழைந்தார்கள். பிரித்தானியர்கள் பின்வாங்க முயன்றார்கள். அவர்களுடைய வண்டிகளே வழியை அடைத்து நின்றன! பெண்களையும், வண்டி இழுத்த மாடுகளையும்கூட ரோமானியர்கள் விடவில்லை.

பிரித்தானியர்களில் 80 ஆயிரம் பேரும், ரோமானியர்களில் சுமார் 400 பேரும் மாண்டார்கள் என்பது டாசிட்டஸ் தரும் கணக்கு. வென்றவர்கள் எழுதிய கணக்கு அது.

பூடிக்கா விஷம் குடித்து இறந்தாள் என்கிறார் டாசிட்டஸ். நோயால் இறந்தாள் என்கிறார் டயோ. அவளுடைய மகள்கள் என்ன ஆனார்கள் என்பதை இருவருமே எழுதவில்லை.

பாடம் கற்றது யார்?

பாலினஸ் பழி வாங்கினார். ஊர் ஊராக நெருப்பும் வாளும் பாய்ந்தன. போருக்குப் போன மக்கள் அந்த ஆண்டு விதைக்கவில்லை. பஞ்சம் வந்தது.

அப்போது புதிய வரி அதிகாரியாக வந்தவர் கிளாசிசியானஸ். இப்படி வதைத்தால் அமைதி வராது, இரக்கமுள்ள கவர்னர் வேண்டும் என்று அவர் ரோமாபுரிக்கு எழுதினார். பாலினஸ் திரும்ப அழைக்கப்பட்டார். அடுத்த கவர்னர் வாளை உறையில் போட்டார்.

கிளாசிசியானஸ் லண்டனில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மனைவி எழுப்பிய கல்லறைக் கல், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ரோமானியர்கள் எல்லாத் தெய்வங்களையும் அழித்துவிடவில்லை. பாத் என்ற ஊரில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அதன் தெய்வம் சூலிஸ். அதே நூற்றாண்டில் ரோமானியர்கள் அங்கே கோவில் கட்டினார்கள். தங்கள் மினர்வா தெய்வத்தின் பெயரை அதோடு சேர்த்து, சூலிஸ் மினர்வா என்று கும்பிட்டார்கள்.

அந்திராஸ்தேக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. டயோவின் நூலைத் தவிர வேறு எங்குமே அவள் பெயர் இல்லை. ட்ரூயிடுகள் எதையும் எழுதி வைக்கவில்லை. பூடிக்காவின் கதையைக்கூட எதிரிகள் எழுதித்தான் உலகம் அறிந்தது.

மண் சொல்லும் சாட்சி

ஆனால், மண் மறக்கவில்லை. லண்டனிலும் கோல்செஸ்டரிலும் ஆழத் தோண்டினால், வெந்து சிவந்த களிமண் அடுக்கு ஒன்று தெரிகிறது. அது பூடிக்கா வைத்த தீ!

1907-ம் ஆண்டில், சபோக் பகுதியில் ஓர் ஆற்றிலிருந்து வெண்கலத் தலை ஒன்று கிடைத்தது. கிளாடியஸ் சிலையிலிருந்து கலகத்தின்போது உடைத்து எடுத்த தலை என்று கருதப்படுகிறது.

மோனா தீவில், இரண்டாம் உலகப் போரின்போது விமானதளம் அமைத்தார்கள். அங்கே ஒரு பழைய ஏரிச் சேற்றில் வாள், ஈட்டி, தேர் உறுப்புகள் என்று 150-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. எல்லாம் தெய்வத்துக்குப் போட்ட காணிக்கை. அடிமைகளைப் பூட்டும் இரும்புச் சங்கிலியும் கிடைத்தது. அதன் வயது தெரியாமல், சேற்றில் சிக்கிய லாரியை அதைக் கட்டி இழுத்தார்கள். சங்கிலி அறவில்லை!

1902-ம் ஆண்டில், லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் பூடிக்காவுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். தேரில் அவள் நிற்கிறாள். இரு மகள்களும் அருகில் இருக்கிறார்கள். தேர்ச் சக்கரத்தில் கத்திகள் உள்ளன. கத்தி, சிற்பியின் கற்பனை.

அன்று பிரிட்டன் ஒரு பெரிய சாம்ராஜ்யம். இந்தியாவும் அதன் கையில் இருந்தது. சாம்ராஜ்யத்தை எதிர்த்தவளுக்கு, ஒரு சாம்ராஜ்யத்தின் தலைநகரிலேயே சிலை!

பிரசூட்டகஸ் எழுதிய உயிலை ரோமானியர்கள் மதித்திருந்தால், மூன்று பட்டணங்கள் எரிந்திருக்காது. பல்லாயிரம் பேர் மாண்டிருக்க மாட்டார்கள். ஒரு விதவையின் முதுகில் விழுந்த சாட்டையடிக்கு இரு தரப்பாரும் கொடுத்த விலை அது.