விசுவாசத்தைப் பகிர்ந்த வேதசாட்சி

வேதம் போதிப்பது குருக்களுக்கும் கன்னியருக்கும் உரிய கடமை என்று எண்ணி நம்மில் பலர் அமைதி கொள்கிறோம். புனித தேவசகாயம் பிள்ளையின் வாழ்வு இந்த எண்ணத்தைத் தகர்க்கிறது.

1712-இல் நட்டாலத்தில் பிறந்து, நீலகண்டன் என்ற பெயரோடு திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்தவர் அவர். இழப்புகளால் மனமுடைந்திருந்த அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துரைத்தவர் குருவானவர் அல்லர்; 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படையிலேயே சேவை செய்த டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டிலனாய். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார்.

பெற்ற செல்வத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. முதலில் தம் மனைவியோடு பகிர்ந்தார்; பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகி, அயலாருக்கும் அறிவித்தார். 1749-இல் கைதானார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு சென்று வதைத்தபோதும் விசுவாசத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஒரு போர்க்கைதி வாய் திறந்ததால் திருச்சபைக்கு ஒரு புனிதர் கிடைத்தார். நம் இல்லத்திலும் அயலிலும் யாருக்கு நாம் இன்னும் வாய் திறக்கவில்லை என்று சிந்திப்போமாக. புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.