தட்டிலே சுழன்ற தோடி

மேல்நாட்டுக்காரர்கள் எதற்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பாட்டுக்கும் வைத்திருக்கிறார்கள். 1952 நவம்பர் 14 அன்று இலண்டனில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற வார ஏடு ஒரு வேலை செய்தது. அலுவலகத்தில் இருந்தபடியே இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, இந்த வாரம் எந்த இசைத்தட்டு அதிகம் விலை போயிற்று என்று கேட்டு, பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஒரு பட்டியலை அச்சிட்டது. ஆல் மார்டினோ என்ற அமெரிக்கப் பாடகரின் தட்டு முதலிடத்தில் நின்றது. ஒரு வாரம் இரண்டு வாரமல்ல, ஒன்பது வாரம் நின்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்ட பிறகும் அந்நாட்டு முதியவர்கள் பழைய பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டு எந்த வாரம் எந்தப் படியில் இருந்தது என்று வழக்காடுகிறார்கள். பொழுது போகாதவர்களின் வேலை என்று நகைப்போர் நகைக்கட்டும். நாம் நகைக்கமாட்டோம். தன் நாட்டுப் பாட்டுக்குக் கணக்கு வைத்தவனைப் பார்த்து, கணக்கே வைக்காதவன் சிரிப்பதா?

நம் நாட்டில் அப்படி யாரும் பட்டியல் போடவில்லை. போட்டிருந்தால், காவிரிப் பாசனப் பகுதியில் எந்தத் தட்டு முதலிடம் பெற்றிருக்கும்? மாயவரத்துக் காப்பி கிளப்பிலும், மன்னார்குடித் திருமணப் பந்தலிலும், டூரிங் டாக்கீசில் படம் தொடங்குமுன் வைக்கும் தட்டுகளிலும், சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் தை மாசித் திருவிழாக்களில் தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலும் எது முழங்கிற்று? பாகவதரின் பாட்டுகள் என்பர் சிலர். மறுக்கவில்லை. அவரும் மாயவரத்தில் பிறந்தவர்தான். ஆனால் ஒரு தட்டு உண்டு. அதில் சொல் இல்லை, கதை இல்லை, காதலன் காதலி இல்லை, தாளம்கூட இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் ஓடாத 78 சுற்றுத் தட்டில், ஒரு மனிதன் மூச்சைப் பிடித்து ஊதிய தோடி இராகம் மட்டுமே உண்டு. ஊதியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. வண்டிக்காரரும் அதைக் கேட்டார், வக்கீலும் கேட்டார். இராகத்தின் பெயர் தெரியாதவனும் அந்த முதல் இழுப்பு காதில் விழுந்ததும் நடையை நிறுத்தினான்.

அவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அவரைப் பற்றிச் சில சொல்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

1898 ஆகஸ்டு 27 அன்று திருமருகலில் பிறந்தார். தந்தை குப்புசாமி, தாய் கோவிந்தம்மாள். இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாகசுரக்காரர், திருவாவடுதுறை மடத்தின் ஆஸ்தான வித்துவான். அவர் இந்தப் பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தார். நடேச பிள்ளை விரைவில் மறைந்தார். பிள்ளை வாய்ப்பாட்டுத்தான் முதலில் கற்றார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாடத் தெரிந்த வாய் பிறகு குழலை எடுத்தது. ஆகவே குழல் பாடிற்று. அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளை போன்ற மூத்தவர்களிடம் நாகசுரப் பயிற்சி. வளர்ந்தபின் மாமன் வகித்த மடத்துப் பதவி அவரிடமே வந்தது.

இசையை விட்டு ஒரு கணம் தெருவுக்கு வருவோம். அந்தக் காலத் தெரு எப்படி இருந்தது? தஞ்சை மாவட்டத்திலே நாகசுரம் இல்லாமல் சாமி வீதிக்கு வராது. மிராசுதார் வீட்டில் தாலி ஏறாது. இவ்வளவு வேண்டியவனுக்கு என்ன மரியாதை? மேலே துண்டு போடக்கூடாது. இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டை என்ற பேச்சே இல்லை. சாமிக்கு முன்னே நின்றும் நடந்தும் இரவெல்லாம் ஊத வேண்டும். பாடகருக்கு மேடை, ஜமக்காளம், தம்பூரா. நாகசுரக்காரனுக்குத் திண்ணை ஓரம். பாடகர் வித்துவான்; இவன் மேளக்காரன். வயதில் மூத்தவரையும் மிராசுதார் வீட்டுச் சிறுவன் 'அடே' என்று அழைப்பான். கலை வேண்டும், கலைஞன் மட்டும் கீழே நிற்க வேண்டும்! என்ன நீதியோ!

இது நம் கற்பனையல்ல. செட்டிநாட்டில் ஓர் ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு ஊதியபோது, அதை எடுக்கச் சொல்லி மேல்சாதியார் மிரட்ட, பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்று, துண்டை எடுக்க விடாமல் ஊத வைத்த வரலாறு சுயமரியாதை இயக்கத்தார் அனைவரும் அறிந்ததே. திருக்குவளையில் 1924-இல் பிறந்த கலைஞரைச் சிறுவனாக நாகசுரம் பயில அனுப்பியபோது, மேலே துணியின்றி இடுப்பில் துண்டு கட்டி நிற்க வேண்டும் என்ற அந்த வழக்கம்தான் அவர் உள்ளத்தில் முதல் கசப்பை ஏற்படுத்திற்று. குழலை விட்டார், பேனாவை எடுத்தார். நாட்டுக்கு நன்மையாயிற்று என்பது வேறு செய்தி.

ராஜரத்தினம் குழலை விடவில்லை. குழலை வைத்துக்கொண்டே சண்டை போட்டார். குடுமியை எடுத்தார், கிராப்பு வைத்தார். பட்டு ஜிப்பா அணிந்தார். நீண்ட கோட்டு அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் மின்ன, மார்பில் பதக்கங்கள் ஆட வந்தார். மேடை போட்டால்தான் ஊதுவேன் என்றார். உட்கார்ந்துதான் ஊதுவேன் என்றார். ஒத்துக் குழலுக்குப் பதிலாகத் தம்பூராவின் சுருதியைப் பக்கத்தில் வைத்தார். அது பாடகருக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். முன்னணிப் பாடகர்களுக்குக் குறையாத பணம் கேட்டார்; கொடுத்தார்கள். கொடுக்காமல் எங்கே போவது? அந்தத் தோடிக்கு வேறு ஆள் இல்லையே!

ஆணவம் பிடித்தவர் என்று பலர் கூறினர். ஆம், இருந்தது. ஆயிரம் ஆண்டு குனிந்திருந்த முதுகு முதன்முறை நிமிரும்போது சற்றுப் பின்னுக்குச் சாய்ந்துதான் நிற்கும். குறை இல்லாத மனிதர் என்று நாம் வாதாட வரவில்லை. குடிப்பழக்கம் இருந்தது, வந்த பணம் கையில் தங்கவில்லை, ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் ஏமாற்றியதும் உண்டு. பந்தல் போட்டுக் காத்திருந்து ஏமாந்தவர்களின் வயிற்றெரிச்சல் நியாயமானதே. ஆனால் மறுமுறை அவர் வருகிறார் என்றால், ஏமாந்த அதே ஊர்தான் முதலில் வண்டி கட்டிற்று!

குழலையும் அவர் சும்மா விடவில்லை. முன்பு வழங்கியது திமிரி நாகசுரம். குட்டையானது, நாலு ஐந்து கட்டைச் சுருதியில் கீச்சென்று ஒலிப்பது. நாலு வீதிக்கும் கேட்க வேண்டுமே, அதற்காக அமைந்தது. ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் ரங்கநாத ஆசாரி என்ற கைவல்லவர் இருந்தார். இவரும் அவருமாகச் சேர்ந்து, நீளம் கூடிய, சுருதி தணிந்த பாரி நாகசுரத்தைச் செப்பம் செய்தனர். இரண்டு, இரண்டரைக் கட்டையில் அது பேசும். சுத்த மத்தியமமும் அதில் சரியான இடத்தில் வந்து அமர்ந்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து உலவு, அடியில் அணசு, மேலே கெண்டை, கெண்டையில் காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளி. ஏழு துளைகளில் விரல் ஓடும். கீழே ஐந்து துளைகள் விரல் படாமல் நிற்கும். இவ்வளவுதான் கருவி. பழைய வீடுகளில் உத்தரமாக நூறாண்டு கிடந்து ஈரம் வற்றிய ஆச்சா மரம்தான் நல்ல நாதம் தரும் என்பது அவ்வூர் ஆசாரிகளின் அனுபவம். கலைஞனும் தச்சனும் கூடிச் செய்த இந்தப் புரட்சியை இசை நூல்கள் எழுதுவோர் ஓரிரு வரியில் முடித்துவிடுவது நமக்கு உடன்பாடில்லை.

இப்படித் தணிந்த குரலில் பேசிய குழல்தான் தட்டுக்கு ஏறிற்று. ஐந்து மணி நேரம் தோடியை வளர்க்கக் கூடியவர் என்று பெயர் பெற்றவரை நாலு நிமிடத்தில் அடக்குவது கடலைக் குடத்தில் அடைப்பது போன்றது. அடைத்தார். எங்கே தொடங்கி எங்கே ஏறி எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு அவர் மூச்சில் இருந்தது. ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற பெரும் பாடகர்கள் இராகம் பாடும் முறையில் இந்தக் குழலின் சாயல் படிந்தது. குழல் பாட்டைப் பின்பற்றும் என்ற முறை மாறி, பாட்டு குழலைப் பின்பற்றிற்று! நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலும் சேர்ந்துவிட்டால் பந்தலில் எறும்பு ஊர்வதும் கேட்கும் என்பார்கள் கேட்டவர்கள்.

தட்டு செய்த ஒரு பெரிய வேலையை நாம் இங்கே சொல்லியாக வேண்டும். சாமி புறப்பாட்டில் நாகசுரம் எங்கே ஒலித்தது? தேரோடும் நாலு வீதியில். அந்த வீதியில் யார் நின்றார்கள்? உழுது நட்டு அறுத்துக் களம் சேர்த்தவன் நின்றானா? அவனுடைய சேரிக்குச் சாமியும் போகாது, மேளமும் போகாது. கோயில் நுழைவுக்கே 1939-உம் 1947-உம் வரையில் சட்டத்துக்குக் காத்திருந்த நாடு இது. காற்று வாக்கில் வரும் ஒலியை வரப்பில் நின்று கேட்டதுதான் அவன் கண்ட கச்சேரி. ஒலிபெருக்கிக்கு இந்தச் சாத்திரம் தெரியவில்லை. தென்னை மரத்தில் கட்டினால் நாலு திக்கும் கத்திற்று. 1939 மே 16 அன்று திருச்சி வானொலி தொடங்கிய பின் பஞ்சாயத்து ரேடியோவும் அப்படியே. மிராசுதார் வீட்டு முற்றத்தில் ஒலித்த அதே தோடி, அதே நேரத்தில் கீழத்தெருவிலும் ஒலித்தது. கோயில் நமக்கு உடன்பாடோ இல்லையோ, அந்த இசை அனைவருக்கும் உடைமையானது என்பதில் நமக்குப் பேருவகை உண்டு.

திரைப்படத்திலும் தோன்றினார். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கவிஞராக நடித்தார். எழுதியவர் நம் புரட்சிக்கவிஞர் பாரதிதாசன். நடிகராக அவரை இன்று யாரும் நினைப்பதில்லை, அதில் குறையுமில்லை.

1947 ஆகஸ்டு 14 வந்தது. திருவாவடுதுறை மடத்தின் சார்பில் தில்லிக்குச் சென்று நேருவிடம் செங்கோல் அளித்த குழுவில் ராஜரத்தினமும் இருந்தார். அவருடைய நாகசுரம் அங்கே முழங்கிற்று. 2023 மே 28 அன்று அந்தச் செங்கோலைப் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதற்கு எத்தனை விளக்கம், எத்தனை விளம்பரம்! கோலைப் பற்றி நாடு முழுதும் பேசிற்று. குழலைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? தில்லி வரை போய்த் தமிழனின் இசையை அன்று நிலைநாட்டியது தங்கம் பூசிய கோலா, ஆச்சா மரத்தில் கடைந்த குழலா? முடியாட்சிச் சின்னத்துக்குக் கிடைத்த இடம் உழைப்பாளியின் மூச்சுக்குக் கிடைக்கவில்லை. இதில் நமக்கு வியப்பில்லை, வருத்தம் உண்டு.

1955-இல் சங்கீத நாடக அகாதமி விருது வந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று சென்னையில் கண் மூடினார். வயது ஐம்பத்தெட்டு. சேர்த்து வைத்த செல்வம் என்று ஒன்றும் இல்லை.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் திருநெல்வேலிச் சீமைக்காரர். குருவின் பக்கத்தில் உட்கார்ந்து ஊதி ஊதியே உருவானவர். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் போட்டியிட்ட பாட்டு ஒலிக்காத ஒலிபெருக்கி அன்று தமிழ்நாட்டில் இல்லை. இலண்டன் ஏட்டார் இங்கு வந்து கடைகளில் கேட்டிருந்தால், பல வாரம் அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள். அவரும் 1964-இல் போய்விட்டார். 1968-இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது, மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் திரைக்குப் பின்னால் ஊத, திரையிலே சிவாஜி கணேசன் நாகசுரக் கலைஞனாக நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையும் சரிகையுமாக, மரியாதை குறைந்தால் குழலைக் கீழே வைக்கும் அந்த நாயகனைப் பார்த்த தஞ்சைக்காரர்களுக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ந்தோம். ஆனால் கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் இடையே கல்யாண மண்டபங்களில் இன்று பாதி நாள் கெட்டிமேளம் கருவிப் பெட்டியிலிருந்து வருகிறது. குறியீடு பெற்ற ஊரில் குழல் கடையும் குடும்பங்களோ, கைவிட்டு எண்ணக்கூடிய அளவில்தான் எஞ்சியிருக்கின்றன. பழைய ஓட்டு வீடுகள் இடிபடும்போது கிடைக்கும் ஆச்சா உத்தரத்துக்கு மரக்கடைக்காரரோடு போட்டியிட்டு விலை பேச வேண்டிய நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். இடிக்கப்படும் அரசுக் கட்டடங்களிலும் கோயில் கட்டடங்களிலும் உள்ள அத்தகைய மரத்தை ஏலத்தில் விடுமுன் அந்த ஆசாரிகளுக்கு முதலில் கொடுக்கலாம். அரசுக்கு இதில் பெரிய செலவு இல்லை. ஓர் ஆணை போதும்.