எண்ணிப் பார்த்த மருத்துவர்

ஈதர் என்னும் மயக்கமருந்து 1846இல் வழக்கிற்கு வந்தபின், அறுவை மருத்துவத்தில் வலி குறைந்தது, சாவு குறையவில்லை. கத்திக்குத் தப்பியவர்கள் சில நாள்களில் புண்ணில் சீழ்பிடித்து, காய்ச்சல் கண்டு மடிந்தனர். முறிந்த எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்தால் அவ்வுறுப்பை வெட்டி நீக்குவதே உயிர்காக்கும் வழி எனக் கருதினர். வெட்டிய இடமும் அழுகியது. காற்றில் கலந்த கெட்ட ஆவியே இதற்குக் காரணம் என்பது அக்கால நம்பிக்கை. குருதிக்கறை உறைந்த மேலங்கியும் கழுவாத கைகளுமாக நோயாளிக்கு நோயாளி சென்ற மருத்துவர்கள், அந்த ஆவி வெளியேறச் சன்னல்களைத் திறந்துவைத்தனர்!

இந்நிலையை மாற்றிய ஜோசப் லிஸ்டர், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்தார். தந்தை மதுவணிகர், ஆயினும் நுண்ணோக்கியின் ஆடிகளைச் செம்மைப்படுத்திப் புகழ்பெற்றவர். கண்ணுக்குப் புலப்படாத உலகை மகன் இளமையிலேயே பார்த்துப் பழகினார். இலண்டனில் மருத்துவம் பயின்று, எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்னும் அறுவை மருத்துவரிடம் பணியாற்றி, அவர் மகள் ஆக்னசை மணந்தார். 1860இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

பொருள்கள் புளிப்பதற்கும் அழுகுவதற்கும் நுண்ணுயிர்களே காரணம் என்னும் லூயி பாஸ்டரின் ஆய்வை, வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் லிஸ்டரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். புண்ணும் அவ்வாறே அழுகுகிறது எனின், அவ்வுயிர்களை எவ்வாறு கொல்வது? மனிதத் தசையைக் கொதிக்கவைக்க இயலாது. கார்லைல் நகரில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்ட செய்தி அவருக்கு வழிகாட்டியது.

1865ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், வண்டிச் சக்கரம் ஏறிக் கால்முறிந்த 11 வயதுச் சிறுவன் கிளாஸ்கோ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். அமிலத்தில் தோய்த்த துணியால் லிஸ்டர் அவன் புண்ணை மூடினார். நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது. 1867இல் லான்செட் இதழில் அவர் வெளியிட்ட 11 முறிவு நோயாளிகளுள் ஒன்பதின்மர் உறுப்பிழக்காமல் நலம்பெற்றனர்; ஒருவர் கால் இழந்தார்; ஒருவர் இறந்தார். தோல்விகளையும் அவர் மறைக்கவில்லை. அதே ஆண்டில், பிற மருத்துவர்கள் கைவிட்ட தம் தமக்கையின் மார்பகப் புற்றை அவரே அறுத்து நீக்கினார். புண் அழுகாமல் ஆறியது. தமக்கை மேலும் மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

புதுமுறையை ஏளனம் செய்தோர் பலர். அவர்களுக்கு லிஸ்டர் 1870இல் எண்களால் விடையளித்தார். புதுமுறைக்கு முன், 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் உறுப்பு நீக்கப்பட்ட 35 பேருள் 16 பேர் இறந்தனர். 1867 முதல் 1869 வரை 40 பேருள் 6 பேரே இறந்தனர். அஃதாவது, ஏறத்தாழப் பாதியாக இருந்த இறப்பு ஏழில் ஒன்றாயிற்று. இவ்வெண்ணிக்கை உறுதியான ஒப்பீட்டிற்குப் போதாது என்பதை அவரே அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டார். அவருடைய ஒப்பீட்டில் வேறொரு குறையும் உண்டு. முன்னைய நோயாளிகளும் பின்னைய நோயாளிகளும் வேறுவேறு காலத்தவர். இடையில் மாறியது மருந்து மட்டுமே என்று எவ்வாறு கூறுவது? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரே காலத்தில் ஒப்பிடும் மருத்துவ ஆய்வு இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை அவ்வாறு சோதித்த பிரித்தானிய ஆய்வு 1948இல் வெளிவந்தது.

1877இல் இலண்டனுக்கு வந்த லிஸ்டர், உடைந்த முழங்காற்சில்லைத் திறந்து கம்பியால் பிணைத்தார். தோல் கிழியாத முறிவை வலிந்து திறப்பது அந்நாளில் கொலைக்கு ஒப்பான துணிச்சல். நோயாளி பிழைத்தார், எதிர்ப்பும் மெல்ல அடங்கியது.

தம் முறையின் ஒரு கூறு பயனற்றது எனக் கண்டபோது அதைக் கைவிடவும் அவர் தயங்கவில்லை. காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல 1871 முதல் அமிலத் தெளிப்பானைப் பயன்படுத்தியவர், அதைப் பரிந்துரைத்தமைக்கு வெட்கப்படுவதாக 1890இல் பெர்லின் மாநாட்டில் அறிவித்தார்.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் லிஸ்டர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடந்தது. எனினும், அவர் விரும்பியவாறே, தம் ஆய்வுக் குறிப்புகளைப் பல்லாண்டுகள் எழுதித்தந்த ஆக்னசின் அருகில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.