மலேயாவில் பிறந்தவருக்கு குடியுரிமை, ஹட்டனில் பிறந்தவருக்கு இல்லை: யார் இந்த தந்தை செல்வா?

பூந்தமல்லி சிறப்பு முகாம் என்ற பெயரை சென்னையின் மேற்குப் புறநகர்வாசிகள் செய்திகளில் பலமுறை கேட்டிருப்பார்கள். இலங்கைத் தமிழர்களை வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் அடைத்து வைத்த இடம். குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டவராக இருந்தால் போதும், அரசு உத்தரவு ஒன்றே போதும். ஒரு மனிதரை ‘வெளிநாட்டவர்’ ஆக்குவது எது? பிறந்த ஊரா, அப்பா பிறந்த ஊரா, கையில் இருக்கும் காகிதமா? இந்தக் கேள்வியை அரசியலின் மையத்துக்கு இழுத்து வந்தவர் தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகம்.

அவரே பிறந்தது வெளிநாட்டில்தான். 1898 மார்ச் 31-ம் தேதி, மலேயாவின் ஈப்போவில். அப்பா பிழைப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்தவர். சிறுவனாக இருந்தபோதே தாயுடன் சொந்த ஊரான தெல்லிப்பழைக்குத் திரும்பினார். அறிவியல் பட்டம், ஆசிரியர் வேலை, பிறகு சட்டம். கொழும்பில் சிவில் வழக்குகளில் பெரிய பெயர் எடுத்தார். சத்தமாகப் பேச வராது. ஆனால் சட்டப் பிரிவுகளை வரி வரியாகப் பிரித்து மேய்வதில் கெட்டிக்காரர். 1947 தேர்தலில் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்று நாடாளுமன்றம் போனார்.

1948-ல் என்ன நடந்தது?

இலங்கை சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழித் தாத்தா, கொள்ளுத்தாத்தா இருவரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவருக்கோ, தந்தையும் தாத்தாவும் இலங்கையில் பிறந்திருந்தால் போதும்.

இப்போ கணக்கு போட்டுப் பாருங்கள். ஈப்போவில் பிறந்த செல்வநாயகத்துக்கு, தெல்லிப்பழை வம்சம் என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் ஹட்டன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, திருச்சியையே பார்த்திராத ஒரு தொழிலாளி, அப்பா திருச்சிப் பக்கம் பிறந்தவர் என்பதற்காக நாடற்றவர். அப்பா இலங்கையில் பிறந்திருந்தாலும் அதற்குப் பிறப்புச் சான்று வேணும். தோட்டத்து லயன் வீட்டில் யார் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்? சுமார் 7 லட்சம் பேர் ஒரே சட்டத்தில் குடியுரிமை இழந்தார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1947-ல் மலையகத்திலிருந்து 7 பேர் நாடாளுமன்றம் போயிருந்தார்கள். 1952-ல் ஒருவர்கூட இல்லை.

விண்ணப்பித்துக் குடியுரிமை பெற 1949-ல் இன்னொரு சட்டம் வந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனு போடப்பட்டது. கிடைத்தது சுமார் 1.34 லட்சம் பேருக்கு. ருவன்வெல்ல தொகுதி வாக்காளர் ஒருவர் இதை எதிர்த்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். யார் குடிமகன் என்பதை முடிவு செய்வது அரசின் உரிமை என்று 1953-ல் கைவிரித்துவிட்டது அந்த நீதிமன்றம்.

பொன்னம்பலம் அமைச்சராகிவிட்டார். செல்வநாயகம் உடன்போகவில்லை. இன்று மலையகத் தமிழருக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்பது அவர் வாதம். யாழ்ப்பாணத்தில் பலருக்கு அது அன்று எடுபடவில்லை. தோட்டத் தொழிலாளர் மீது அங்கே இருந்த அலட்சியமும் அதற்குக் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1949 டிசம்பரில் வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோருடன் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த ஆண்டில் பெரும் வெற்றி.

அதன் பிறகு 1957-ல் பண்டாரநாயக்கவுடனும் 1965-ல் டட்லி சேனநாயக்கவுடனும் ஒப்பந்தம் போட்டார். இரண்டும் காற்றில் போனது. இடையில் 1964 அக்டோபரில் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம்: 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்கும், மீதி பிறகு பார்க்கலாம். பங்கு பிரிக்கப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கூடலூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் பலர் இந்தக் கணக்கில் வந்தவர்கள்தான்.

1972-ல் சென்னை வந்து பெரியாரையும் முதல்வர் கருணாநிதியையும் சந்தித்தார். அதே ஆண்டு பதவியை ராஜினாமா செய்து இடைத்தேர்தலைக் கேட்டார். அரசு அதை 1975 வரை இழுத்தடித்தது, அவர்தான் ஜெயித்தார். பார்க்கின்சன் நோயில் உடல் தளர்ந்து, காதும் கேட்காத நிலையில், 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாடு தீர்மானம். 1977 ஏப்ரல் 26-ல் மறைந்தார். மலையகத்தின் நாடற்றவர் பிரச்சினைக்கு இலங்கை முழுமையான சட்டம் போட்டது 2003-ல்.

மகனுக்கு வந்த உத்தரவு

1985 ஆகஸ்டில், திம்பு பேச்சுவார்த்தை முறிந்ததும், சென்னையில் இருந்த மூன்று தமிழர்களை வெளியேற்ற இந்திய அரசு உத்தரவிட்டது. ஆன்டன் பாலசிங்கம், சத்தியேந்திரா, மூன்றாவது செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன். அமெரிக்க விமானத்தில் ஏற்றப்பட்ட அவர் பிறகு இந்தியாவுக்கே திரும்பினார். வெளிநாட்டவரை வெளியேற்றும் அரசின் அதிகாரத்துக்கு எல்லையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே ஹான்ஸ் முல்லர் வழக்கில் சொல்லியிருந்தது.

இன்றைய நிலை என்ன?

1946-ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலில் இருக்கிறது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து அகதியாகப் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு மட்டும்தான், குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது பிறந்த தேதி. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் அகதியாக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டி நீதிமன்றம் மூலம் பாஸ்போர்ட் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அவருக்கு ஓராண்டு கழித்து, 1987 ஆகஸ்டில் அதே முகாமில் பிறந்த பிள்ளைக்கு இது பொருந்தாது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். மலையக வம்சாவளியினர் அதை நிரூபிக்க, இந்தியாவில் பிறந்த அப்பா, தாத்தாவின் சான்றைத் தேடி அலைகிறார்கள். முகாமுக்கு வெளியே பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கம் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் காவல் நிலையப் பதிவையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் தொலைக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.