பீடம் சுமந்த அடிகள்

குண்டசாலை என்றவுடன் சரித்திரம் கற்றார் உள்ளத்தில் ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் தோன்றுவான். 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட அவன், இவ்வூரில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையாற் குண்டசாலை அரசன் எனப் பெயர் பெற்றான். அவனது தலைநகராகிய கண்டியில் அந்நாளில் ஒரு கத்தோலிக்க ஆலயம் இருந்தது. அதன் கதை, அதனை எழுப்பிய யோசேவ் வாஸ் அடிகளாரின் கதையேயாம்.

அடிகள் 1651 ஆம் ஆண்டு கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தார். 1676 இற் குருப்பட்டம் பெற்றார். இலங்கைக் கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரை அகற்றினர் என்பதறிந்து, தமிழ் பயின்று, 1687 இற் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் புகுந்தார். கழுத்திற் செபமாலை அணிந்து வீடுதோறும் பிச்சை ஏற்றார். தம் சமயத்தாரை இனங்காண அம்மாலையே துணையாயிற்று. இரவிலே வீடுகளில் மறைவாகப் பூசை நடந்தது. அவர் சுமந்து சென்ற பூசைப் பொருள்களை வைத்த இடமே அன்று கோவில்.

1692 இற் கண்டிக்கு வந்தவரைப் பறங்கியரின் ஒற்றர் எனச் சிலர் கோள் மூட்ட, இரண்டாம் விமலதர்மசூரியன் சிறையிலிட்டான். அச்சிறைக்குள்ளேயே அடிகள் ஒரு குடில் கட்டிப் பீடம் அமைத்தார். பின்னர் நாட்டில் மழை பொய்த்தபோது, பொதுவிடத்திலே பீடமும் சிலுவையும் நிறுவி அவர் மன்றாட, பெருமழை பெய்தது என்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் சொல்வர். அரசன் அவருக்குச் சமயம் போதிக்க உரிமை அளித்தான். தேவமாதா பேரில் ஆலயமும் எழுந்தது. 1697 இற் பெரியம்மை பரவ, உற்றாரே கைவிட்ட நோயாளரை அடிகள் பேணினார். இறந்தாரைத் தம் கையால் அடக்கஞ் செய்தார்.

1711 தை மாதம் 16 ஆம் நாள் அடிகள் கண்டியில் மறைந்தார். அவ்வாலயத்திலேயே அடக்கம் பெற்றார். 1705 இல் வந்து சேர்ந்த சாங்கோபாங்க சுவாமிகள், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் யாத்து அப்பணியைத் தொடர்ந்தார். நரேந்திரசிங்கனுக்குப் பின் வந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்திற் குருமார் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் அழிந்தன. அடிகளின் கல்லறை இன்ன இடத்தது என்று இன்று காட்டுவாரில்லை.

பழைய கோவில் என்றால் மாணவர் என்னிடம் சுரூபங்களையும் செதுக்கிய பீடத்தையும் மணியையுமே வினவுவர். கண்டிக் கோவிலில் அவற்றுள் ஒன்றும் எஞ்சவில்லை. ஆனால், குருவானவர் இல்லாத ஊர்களிற் செபம் நடத்தவும் குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும் மூப்பரையும் அண்ணாவிமாரையும் அடிகள் முன்னமே ஏற்படுத்தியிருந்தார். பீடம் இழந்த ஊர்களில் வேதம் அழியாது காத்தவர் அவர்களே. 2015 தை 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அடிகளைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தபோது, பெயர் அறியப்படாத அவ்வண்ணாவிமாரையே நான் முதலில் நினைத்தேன்.