ரெயில் பார்க்கப் போன இசை மேதை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ரெயில் புதிது அல்ல. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அந்தப் பழைய மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-ல் விடை பெற்றுக்கொண்டன. ஆனால் தண்டவாளம் அதிர்ந்தால் ஜன்னலுக்கு ஓடும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள்.

என்ஜின் நம்பரை நோட்டில் எழுதுவான். செல்போனில் படம் பிடிப்பான். வைகை எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். படிக்கிற பிள்ளைக்கு இது என்ன பைத்தியம் என்று பெற்றோர் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இதே பைத்தியம் பிடித்த ஒருவர் உலகம் போற்றும் இசை மேதையாக விளங்கினார். அவர் பெயர் அந்தோனின் துவோர்ஜாக்.

வீட்டுக்கு எதிரே ரெயில்

இன்றைய செக் நாட்டில், பிராக் நகருக்கு அருகே நெலஹோசெவெஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1841-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி துவோர்ஜாக் பிறந்தார். தகப்பனார் இறைச்சிக்கடையும் சத்திரமும் நடத்தி வந்தார். இவர் மூத்த மகன்.

1850-ல் அந்த ஊருக்கு ரெயில் வந்தது. துவோர்ஜாக்கின் வீட்டுக்கு எதிரிலேயே தண்டவாளம் போட்டார்கள். அப்போது அவருக்கு எட்டு, ஒன்பது வயது. புகை கக்கிக்கொண்டு வந்த அந்த இரும்புக் குதிரையைக் கண்ட ஆசை, கடைசி வரை அவரை விடவில்லை.

இசை படிக்கப் பிராக் நகருக்குப் போனார். நாடகக் கொட்டகையில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தார். கல்யாணம் ஆயிற்று. அடுத்தடுத்து மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். மூன்றாவது குழந்தை இறந்தது அவருடைய பிறந்த நாளன்று! அந்தத் துயரத்தையும் தாங்கிக்கொண்டு பாட்டு எழுதினார். மெல்ல மெல்லப் புகழ் வந்தது.

காலையில் நிலையம்

புகழ் வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. காலையில் நடந்தே பிரான்ஸ் ஜோசப் ரெயில் நிலையத்துக்குப் போவார். எந்த வண்டி எப்போது வரும், அதை எந்த என்ஜின் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டிரைவர்களோடு நண்பரைப் போல் பேசுவார்.

அவர் வெறுமனே வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு என்ஜினில் எத்தனை உறுப்புகள்! ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்து தன் வேலையைச் செய்தால்தான் வண்டி நகரும். அதைக் கண்டுபிடித்த பெருமை தனக்குக் கிடைக்குமானால், தன் பாட்டுகள் அத்தனையையும் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள். பல வாத்தியங்களை ஒன்றாகச் சேர்த்து இசைக்க வைப்பவர் அல்லவா? அவருக்குத்தானே அதன் அருமை தெரியும்!

1884-ல் ஹங்கேரி நாட்டிலிருந்து ஒரு விசேஷ ரெயில் பிராக் நகருக்கு வந்தது. அது நிலையத்துக்கு வந்த வேளையில் துவோர்ஜாக்கின் மனதில் ஒரு மெட்டு உதித்தது. அவருடைய ஏழாவது சிம்பொனி அந்த மெட்டில்தான் தொடங்குகிறது. இதை அவரே கையெழுத்துப் பிரதியில் குறித்து வைத்திருக்கிறார். மறு ஆண்டு லண்டனில் அந்த இசை அரங்கேறியது.

மாப்பிள்ளைக்கு வந்த சோதனை

அவரிடம் படித்த மாணவர்களில் ஜோசப் சுக் என்பவர் கெட்டிக்காரர். துவோர்ஜாக்கின் மகள் ஒதிலியைக் கட்டிக்கொள்ள இருந்தவர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு.

ஒருநாள் துவோர்ஜாக்குக்கு வேலை இருந்தது. நிலையத்துக்குப் போய் என்ஜின் நம்பரைக் குறித்து வரும்படி சுக்கை அனுப்பினார். சுக் திரும்பி வந்து ஒரு நம்பரைச் சொன்னார். அது என்ஜினின் நம்பர் அல்ல, பின்னால் நிலக்கரி ஏற்றிய பெட்டியின் நம்பர்! துவோர்ஜாக்குக்கு வந்ததே கோபம்! மகளை அழைத்து, இப்படிப்பட்ட ஆளையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டாராம். ஆனாலும் 1898-ல் கல்யாணம் நடந்தது.

அமெரிக்காவில் ஏமாற்றம்

1892-ல் நியூயார்க் இசைக்கல்லூரி அவரைத் தலைவராக அழைத்தது. ஆண்டுச் சம்பளம் 15 ஆயிரம் டாலர். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. அங்கே இருந்தபோது எழுதிய புதிய உலகம் என்ற சிம்பொனி 1893 டிசம்பரில் அரங்கேறி, அவர் புகழை உச்சிக்குக் கொண்டு போயிற்று.

ஆனால் ஒரு குறை. அங்கே பயணச்சீட்டு இல்லாதவர்களைப் பிளாட்பாரத்துக்குள் விடமாட்டார்கள். தாம்பரத்தில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். அங்கே அந்த வழி இல்லை. எவ்வளவு கெஞ்சியும் காவலர்கள் மசியவில்லை.

துவோர்ஜாக் விடுவாரா? நகரின் வடகோடிக்கு ஒரு மணி நேரம் பயணம் செய்தார். சிகாகோ எக்ஸ்பிரசும் பாஸ்டன் எக்ஸ்பிரசும் பாய்ந்து போவதை அங்கே நின்று பார்த்தார். தினமும் அவ்வளவு தூரம் போக முடியுமா? பிறகு துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்களைப் பார்க்க ஆரம்பித்தார். கப்பலுக்குள் ஏறிப் பார்க்க அங்கே தடை இல்லை!

1895-ல் தாயகம் திரும்பினார். மறுபடியும் அதே நிலையம், அதே என்ஜின்கள்.

1904 மார்ச் மாதம் ரெயில் பார்க்கப் போன இடத்தில் அவருக்குக் குளிர் கண்டது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஏற்கனவே உடல்நிலை சரியில்லை. மே மாதம் 1-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 62.

பிரான்ஸ் ஜோசப் நிலையம் இப்போது பிராக் நகரின் தலைமை ரெயில் நிலையம். பிற்காலத்தில், அங்கிருந்து வியன்னாவுக்குப் போன ஒரு எக்ஸ்பிரசுக்கு அந்தோனின் துவோர்ஜாக் என்று பெயர் வைத்தார்கள்.