ஸர் ஜார்ஜ் எவரெஸ்டு

ஒருவர் பெயரால் ஒரு மலை வழங்கப்பெறுமாயின், அவர்க்கும் அம்மலைக்கும் நெருங்கிய தொடர்பு இருந்திருத்தல் வேண்டுமெனக் கருதுதல் இயல்பே. ஆயின், உலகிலேயே உயர்ந்த கொடுமுடியின் திறத்தில் அக்கருத்துப் பொருந்தாது. ஸர் ஜார்ஜ் எவரெஸ்டு அம்முடியைக் கண்டறிந்தவரும் அல்லர். அதன்மேல் ஏற முயன்றவரும் அல்லர். தம் பெயர் அதற்கு வழங்குதலை அவர் விரும்பவும் இல்லை.

1790-ஆம் ஆண்டிற் பிறந்த எவரெஸ்டு, 1806-இல் கிழக்கிந்தியக் கும்பினியாரின் பீரங்கிப் படையிற் சேர்ந்து இந்தியா போந்தார். ஜாவாத் தீவில் நில அளவைப் பணியிற் பயின்றபின், 1818-இல் வில்லியம் லாம்டன் என்பார்க்கு உதவியாளராயினார். லாம்டனே 1802-இல் நம் சென்னைப் பரங்கிமலையை அடுத்து ஓர் அடிக்கோட்டினை அளந்து, அதன்மேல் முக்கோணங்களைத் தொடர்ந்தமைத்து நாடு முழுவதையும் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கியவர். அவர் 1823-இல் இறப்ப, அச்சுமை எவரெஸ்டின் தோள்மேல் ஏறிற்று.

அப்பணி எளிதன்று. காட்டுச் சுரம் அளப்போரைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்திற்று. எவரெஸ்டும் நோயால் உறுப்புக்கள் செயலற்ற காலத்து, பிறர் தூக்கி இருத்த அமர்ந்து கருவியை நோக்கினார். 1825-இல் இங்கிலாந்து சென்று உடல் தேறி, 1830-இல் இந்திய நில அளவைத் தலைவராய் மீண்டார். குன்றுகள் இல்லாத கங்கைச் சமவெளியில் உயர்ந்த கோபுரங்கள் கட்டுவித்து, இரவில் விளக்கொளி கொண்டு கோணங்களை அளந்தார். கடுஞ்சொல்லும் முன்கோபமும் உடையரேனும், அளவையில் அணுவளவு பிழையும் பொறாதவர். குமரிமுனை தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்ட அப்பெருவில் 1841-இல் முற்றிற்று. நிலவுலகின் வடிவினைத் திருத்தமாக அறிதற்கு அது பெருந்துணையாயிற்று. இதுவே அவர்தம் உண்மையான நினைவுச்சின்னம். 1843-இல் அவர் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

அதன்பின்னரே அக்கொடுமுடியின் வரலாறு தொடங்குகின்றது. அவர்க்குப்பின் தலைவரான ஆண்ட்ரூ வா காலத்தில், சமவெளியினின்று இமயமுடிகள் பல அளக்கப்பெற்றன. அவற்றுள் பதினைந்தாம் எண் இட்டு வழங்கிய முடியே யாவற்றினும் உயர்ந்ததென்பது கணக்கீட்டாற் புலனாயிற்று. அக்கணக்கீட்டிற் பெரும்பங்கு கொண்டவர், எவரெஸ்டினால் பணியில் அமர்த்தப்பெற்ற வங்காளத்துக் கணித வல்லுநர் இராதாநாத் சிக்தார். 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என வெளியிட்ட வா, நேபாளமும் திபெத்தும் அயலார் புகவொண்ணாதிருந்தமையின் உள்நாட்டுப் பெயரை அறியக்கூடவில்லை என்று கூறித் தம் ஆசிரியர் பெயரையே சூட்டினார்.

எல்லா இடங்கட்கும் அவ்வந்நாட்டார் வழங்கும் பெயரையே இடுதல் வேண்டுமென்பது எவரெஸ்டு தம் மாணாக்கர்க்குக் கற்பித்த நெறி. ஆதலின், தம் பெயர் அந்நாட்டு மக்கள் நாவிற்கும் எழுத்திற்கும் இசையாதென அவரே மறுத்துரைத்தார். எனினும் 1865-இல் இலண்டன் பூகோள சங்கத்தார் அதனையே ஏற்றனர். திபெத்தியரோ தொன்றுதொட்டு அதனைச் சோமோலுங்மா என்றழைத்து வந்தனர். அப்பெயர் 1733-இல் பாரிஸில் வெளிவந்த படத்திலும் உண்டு. நேபாளத்தார் வழங்கும் சாகர்மாதா என்பது இருபதாம் நூற்றாண்டிற் பரவியது. பெயரின் ஒலியும் பிழைத்தது: அவர் குடும்பத்தார் ஈவ்ரெஸ்டு என்றே உச்சரித்தனர்.

மக்கள் பெயரிட்டு வழக்காட, மலையோ தன்னியல்பில் நிற்கின்றது. தெற்கே கும்பு, வடக்கே ரோங்புக், கிழக்கே காங்சுங் எனும் பனியாறுகள் அதன் அடியினின்று இறங்குகின்றன. தென்புறப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த சரிவுகளிற் பூவரும்பும் காடுகள் உண்டு. மேலேறுந்தோறும் மரம் குறைந்து, புல் குறைந்து, முடிவில் பாறையும் பனியுமே எஞ்சும். உச்சியிற் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தினும் மூன்றிலொரு பங்கே. அவ்வுச்சிப் பாறையோ பழங்கடலின் அடியிற் படிந்த சுண்ணாம்புக்கல். கடலுயிர்களின் எச்சங்கள் இன்றும் அதனுள் உள. 2020-இல் நேபாளமும் சீனமும் ஒருங்கே வெளியிட்ட அளவு 8,848.86 மீட்டர்.

எவரெஸ்டு 1866-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று காலஞ்சென்று, இங்கிலாந்தின் கடற்கரையூராகிய ஹோவில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் விரும்பாத பெயர் உலகெங்கும் நிலைத்தது. அவர் உயிரைப் பணயம் வைத்து முடித்த வேலையையோ அறிந்தார் சிலர். அவரோடு விளக்கேந்தி நின்று சுரத்தால் மாண்ட ஏவலாளர் பெயரை அறிந்தார் அவரினும் சிலர். அக்கொடுமுடியின் பெயரைச் சொல்லுந்தோறும், பெயர் பெறாத அவர்தம் உழைப்பினையும் உடன் நினைத்தல் நம் கடனாகும்.